31 வயது, நல்ல பையன், ஆனால் அவனுக்கு எல்லாமே அவன் அம்மாதான் செய்கிறார். கல்யாணத்துக்குச் சம்மதிக்கலாமா?

கடலோரக்காற்று:

வணக்கம். நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். எனக்கு 28 வயது, சோழிங்கநல்லூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை, சொந்த ஊர் விருதுநகர் பக்கம். இங்கே துரைப்பாக்கத்தில் இரண்டு பெண்களோடு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறேன். அவனுக்கு 31. வேறு கம்பெனி, வீடு கொளத்தூரில், அம்மாவும் அவனும் மட்டும். தோழி ஒருத்தியின் கல்யாணத்தில் அறிமுகமாகி இரண்டு வருடத்துக்கு மேலாகப் பழகுகிறோம். இரண்டு வீட்டிலும் சாதி, ஜாதகம், ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் பேசி முடித்து, தை பிறந்ததும் நிச்சயதார்த்தம் வைத்துவிடலாம் என்கிறார்கள். இந்த நேரத்தில் தயங்கி நிற்பது நான்தான்.

அவனைக் கெட்டவன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். குடி, சிகரெட் கிடையாது, என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை, என் வேலையை அவன் வேலைக்கு ஒரு படி கீழே வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டதில்லை. காலையில் எழுப்புவது அம்மா. குளித்துவிட்டு வரும்போது கட்டில் மேல் சட்டை, பேன்ட், சாக்ஸ், கர்ச்சீப் வரை எடுத்து வைத்திருப்பார். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், வண்டிச் சாவி எல்லாம் வாசலில் கைக்கு வந்துவிடும். மீன் வாங்கினால் முள் எடுத்து உதிர்த்துத்தான் அவன் தட்டில் வைப்பார். அதனால் ஹோட்டலுக்குப் போனால் அவன் மீனே சொல்ல மாட்டான், எனக்கு முதலில் காரணமே தெரியவில்லை. சம்பளம் வருகிற கணக்கின் ஏடிஎம் கார்டும் பாஸ்புக்கும் அம்மாவிடம். மாதா மாதம் செலவுக்கு ஒரு தொகையை இன்னொரு கணக்குக்கு மாற்றி விடுகிறார், ஜிபே அதிலிருந்துதான் போகும். எங்கே முதலீடு, என்ன இன்ஷூரன்ஸ் என்று கேட்டால் "அம்மாவுக்குத் தெரியும்" என்பான்.

பெசன்ட் நகர் கடற்கரையில் உட்கார்ந்திருப்போம். எட்டு மணிக்கு ஒரு போன், எட்டரைக்கு ஒரு போன், "கல்லைப் போடட்டுமா கண்ணா" என்று. இவன் போகும்வரை அவர் சாப்பிடாமல் இருப்பார், அதனால் பேச்சு எங்கே நின்றிருந்தாலும் எழுந்துவிடுவான்.

போன மழைக்காலத்தில் எனக்குக் கடுமையான காய்ச்சல். வீட்டுத் தோழிகள் ஊருக்குப் போயிருந்தார்கள், அவனைக் கூப்பிட்டேன், உடனே ஓடி வந்தான். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்குப் போன் போட்டு என்ன செய்வது என்று கேட்டான். கஞ்சி வைக்கச் சொன்னார். அரிசி எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று கேட்டுவிட்டு, எனக்கு இதெல்லாம் வராது என்று கிளம்பிப் போய், அவர் வைத்துக் கொடுத்த ரசம் சாதத்தைத் தூக்கில் வாங்கிக்கொண்டு வந்தான். கொளத்தூருக்கும் துரைப்பாக்கத்துக்கும் எவ்வளவு தூரம் என்று சென்னைக்காரர்களுக்குத் தெரியும். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நான் சாப்பிட்ட தட்டு மறுநாள் நான் எழுந்து கழுவும்வரை அப்படியே கிடந்தது.

ஆன்ட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவன் பத்தாவது படிக்கும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார். ஆன்ட்டி தையல் மெஷின் போட்டு, அப்புறம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து இவனை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். சொந்தக்காரர் யாரிடமும் கை நீட்டியதில்லை. என்னிடமும் பிரியமாகத்தான் இருக்கிறார். போன மாதம் போயிருந்தபோது சமையலறைக்குக் கூப்பிட்டு, "இரண்டாவது டிகாஷன் அவனுக்குப் பிடிக்காதும்மா, ரசத்தில் தக்காளித் தோல் மிதக்கக் கூடாது, தலைவலி வந்தால் வாய் திறந்து சொல்ல மாட்டான், முகத்தைப் பார்த்து நீதான் கண்டுபிடிக்கணும். எல்லாத்தையும் இப்பவே கத்துக்கோ, எனக்கப்புறம் அவனை யார் பார்த்துப்பா" என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அன்றிலிருந்துதான் இந்தக் குழப்பம்.

அவனிடம் பேசினால் "கல்யாணத்துக்கு அப்புறம் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறான். தனிக்குடித்தனம் என்று ஆரம்பித்தால் முகம் சுருங்கிவிடுகிறது, "அம்மாவைத் தனியாக விடச் சொல்கிறாயா" என்கிறான். அப்படிச் சொல்ல எனக்கும் மனமில்லை. என்ன கேட்பது, எப்படிக் கேட்பது?

மலைக்கோட்டைப் பக்கம்:

தங்கச்சி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். என் வீட்டுக்காரரும் இப்படி வளர்ந்தவர்தான், என் மாமியாரும் தங்கமானவர். நான் கல்யாணமாகி வந்தபோது எனக்கும் சேர்த்துச் சமைத்து, வேலைக்கு டப்பா கட்டிக் கொடுத்தார். எல்லோரும் உனக்கென்ன குறை என்றார்கள், எனக்கும் அப்போது குறை தெரியவில்லை.

மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தபோதுதான் தெரிந்தது. என் பெண்ணுக்கு அப்போது இரண்டு வயது. மாமியாருக்குப் படுக்கையிலேயே எல்லாம் செய்ய வேண்டும், குழந்தையைப் பார்க்க வேண்டும், நான் வேலைக்கும் போக வேண்டும். இவர் ஆபீஸ் கிளம்பும்போது "என் பெல்ட் எங்கே" என்று வந்து நிற்கிறார். கேஸ் எந்த நம்பரில் புக் செய்வது, ரேஷன் கார்டு எந்த அலமாரியில், சொந்த அம்மா தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறார், ஒன்றும் தெரியாது. அத்தனை வருடம் அவரைத் தாங்கின அம்மா கீழே விழுந்தபோது, அந்த அம்மாவைத் தூக்கி உட்கார வைக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபத்தைவிட மாமியார் மேல் பரிதாபம்தான் வருகிறது.

அவர் நல்ல மனிதர், சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் கற்றுக்கொண்டார். ஆனால் அந்த வருடங்களில் நான் வேலையை விட்டேன், அது திரும்பக் கிடைக்கவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் சரியாகிவிடும் என்றால், யார் சரியாக்குவது என்று கேள். பதிலில் உன் பெயர் மட்டும்தான் வரும்.

தாமிரபரணிக்கரை:

எனக்கு இது பெரிய பிரச்சினையாகத் தெரியவில்லை. அடிக்கிறவன், குடிக்கிறவன், வரதட்சிணை கேட்கிறவன் நடுவில் இப்படி ஒரு பையன் கிடைப்பதே அபூர்வம். அந்த அம்மா புருஷனை இழந்து வளர்த்த ஒரே பிள்ளை, அதிகமாகத்தான் செய்வார். இரண்டு வேளைக்கு சமையல் ஆள் வைத்தால் முடிந்தது. மீன் முள்ளுக்காக நல்ல இடத்தை விடுவார்களா? உங்கள் வீட்டில் உங்கள் அப்பா என்ன வேலை செய்தார் என்றும் ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

கடலோரக்காற்று:

என் அப்பாவும் செய்ததில்லை. எங்கள் ஊரில் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போய்விட்டு வந்து எட்டுப் பேருக்குச் சமைத்தவர் என் அம்மா. அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் இப்போதே கேட்கிறேன். சமையல் ஆள் வைக்கலாம், அந்த ஆள் வராத நாள் யார் என்பதுதான் என் கேள்வி.

ஒரே பிள்ளை:

அந்தப் பையன் இடத்திலிருந்து வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இது உள்ளே இருப்பவனுக்குச் சோம்பேறித்தனமாகத் தெரியாது. சமையலறைக்குள் காலை வைத்தால் "நீ போப்பா, நான் எதுக்கு இருக்கேன்" என்பார்கள். தட்டைக் கழுவப் போனால் கையிலிருந்து பிடுங்குவார்கள். இரண்டு தடவை முயன்றால் அவர்கள் கண் கலங்கும், அதைப் பார்த்ததும் விட்டுவிடுவோம். அம்மாவைச் சந்தோஷமாக வைப்பது என்றால் அவர்கள் செய்வதை வாங்கிக்கொள்வது என்று மனதில் பதிந்துவிடும். அவனும் அப்படி நினைத்துக்கொண்டுதான் இருப்பான், பாசம் என்று முழுமனதாக நம்புவான்.

கம்பெனி என்னைப் புனேவுக்கு அனுப்பியது. நான்கு பேர் ஒரு வீட்டில், முறை வைத்துச் சமையல். முதலில் குக்கரில் எத்தனை விசில் என்று தெரியாமல் பருப்பு கரியானது. ஆறேழு மாதத்தில் சாம்பார், பொரியல், சப்பாத்தி வரை வந்துவிட்டது. இதில் திறமை ஒன்றும் இல்லை, வேறு வழியில்லாமல் போவதுதான் தேவை. அவன் வீட்டில் வேறு வழி எப்போதும் இருந்துகொண்டே இருக்கிறது, அதுதான் சிக்கல்.

திரும்பி வந்தபோது மறுபடி பழைய மாதிரி ஆரம்பித்தார்கள். நான் துணி துவைப்பதை மட்டும் முழுசாக எடுத்துக்கொண்டேன். மெஷினில் போடுவது, காயவைப்பது, மடிப்பது, இஸ்திரிக்குக் கொடுத்து வாங்குவது, அம்மாவின் புடவையும் சேர்த்து. உதவி செய்கிறேன் என்று சொல்லவில்லை, அது என் வேலை என்று சொன்னேன். பல மாதம் மனஸ்தாபம். கலர் போய்விட்டது, காலரில் அழுக்கு இருக்கிறது என்று குறை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த வேலையை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. இதை அவன் சார்பில் நீங்கள் போய்ப் பேசினால் நடக்காது, கெட்ட பெயர்தான் மிஞ்சும். அவன்தான் அவன் அம்மாவோடு இந்த மனஸ்தாபத்தைத் தாங்க வேண்டும்.

வகுப்பறை வாசல்:

நான் கல்லூரியில் சமூகவியல் எடுக்கிறேன். ஆன்ட்டி சமையலறையில் சொன்னதைத்தான் நான் இந்தப் பதிவின் மையமாகப் பார்க்கிறேன். மகனை விட்டுக்கொடுக்காத அம்மா என்றுதான் பொதுவாகப் பேசுவோம். இவர் அப்படி இல்லை. ஓய்வு பெறுகிறவர் அடுத்து வருபவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும்போது கோப்பு கோப்பாக விளக்குவாரே, அதுபோல உங்களிடம் ஒப்படைக்கிறார். வேலை அப்படியே இருக்கும், செய்கிற ஆள் மட்டும் மாறும். அதனால்தான் பிரியமாகவும் இருக்கிறார். போட்டி என்று நினைத்திருந்தால் ரசத்தின் பக்குவத்தைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்.

துருக்கியில் பிறந்த ஆய்வாளர் டெனிஸ் காண்டியோட்டி 1988-ல் எழுதிய ஒரு கட்டுரை இதை எனக்குப் புரிய வைத்தது. தெற்காசியா, மேற்காசியா, வட ஆப்பிரிக்கா, சீனா போன்ற இடங்களில் மருமகளாகப் போகும் பெண்ணுக்கு அந்த வீட்டில் எந்தப் பிடியும் இருப்பதில்லை. மகன் பிறந்து, அவன் வளர்ந்து, அவனுக்கு மனைவி வந்த பிறகுதான் அவளுக்கு ஒரு இடம் வருகிறது. அதனால் மகனை விசுவாசமாக வைத்துக்கொள்வது அவளுக்கு வயதான காலத்துக் காப்பு. கணவரை இழந்து, நிலமும் ஓய்வூதியமும் இல்லாத ஒரு பெண்ணுக்கு மகனின் தேவைகள் எல்லாம் தன் கையில் இருப்பது எவ்வளவு பெரிய பத்திரம் என்று யோசியுங்கள். அந்த ஏடிஎம் கார்டையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

தாமிரபரணிக்கரை இதைப் பெரிய விஷயமில்லை என்கிறார். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். 2019-ல் அது 299, 97. ஐந்து வருடத்தில் ஆண்களின் நேரமும் குறைந்துதான் இருக்கிறது. அந்த 88-ம் ஏதாவது வேலை செய்கிற ஆண்களின் சராசரி மட்டும், நூறு ஆண்களில் ஏறக்குறைய 27 பேர்தான் அந்தக் கணக்குக்குள்ளேயே வருகிறார்கள். பாசமான வீடு, சண்டையான வீடு எல்லாம் சேர்ந்த கணக்கு இது. ஒரு நாளில் ஐந்து மணி நேரம் போல ஒருத்தியிடமிருந்து போகிறது. இது சின்ன விஷயம் கிடையாது.

இரண்டு பையன்களின் அம்மா:

எல்லோரும் படித்தவர்கள், நன்றாக எழுதுகிறீர்கள். அந்த அம்மா பக்கம் நின்று நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

பதினைந்து வயதுப் பையனை வைத்துக்கொண்டு விதவையாக நிற்பது என்ன என்று வெளியே இருந்து தெரியாது. சொந்தக்காரர் கண்ணெல்லாம் இவள் எப்போது தடுமாறுவாள் என்று பார்த்துக்கொண்டிருக்கும். பையன் சட்டை கசங்கியிருந்தால்கூட அப்பன் இல்லாத பிள்ளை என்பார்கள். அந்தப் பேச்சு வரக் கூடாது என்றுதான் அவர் இஸ்திரி போட ஆரம்பித்திருப்பார். யாரும் அவரிடம் வந்து, போதும், பையன் வளர்ந்துவிட்டான், இனி நீ உட்கார் என்று சொல்லவில்லை. பையனும் சொல்லவில்லை. இப்போது அவருக்கு அதைத் தவிர ஒரு நாளை எப்படிக் கடத்துவது என்று தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்.

அதற்காக மகளே, நீ அந்த வேலையை எடுத்துக்கொள் என்று சொல்ல மாட்டேன். என் பெரியவனுக்கும் சின்னவனுக்கும் பன்னிரண்டு வயதிலேயே சாதம் வடிக்கக் கற்றுக்கொடுத்தேன், என் மாமியார் என்னோடு பேசாமல் இருந்தார். நான் கேட்பது ஒன்றுதான். அந்த அம்மாவை வில்லி ஆக்காதே. அவருக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? அவன் கேட்டிருக்கிறானா?

மிலானோ மழை:

நான் இத்தாலியில் வேலை பார்க்கிறேன். இது நம் ஊர் விஷயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். இங்கே பெற்றோர் வீட்டைவிட்டு வெளியேறும் சராசரி வயது 30 போல, பின்லாந்தில் 21-ஐ ஒட்டி. 2007-ல் இத்தாலியின் நிதியமைச்சராக இருந்த தொம்மாசோ பதோவா ஸ்கியோப்பா, இந்த வளர்ந்த பாப்பாக்களை வீட்டைவிட்டு வெளியே அனுப்புவோம் என்று பேசி நாடே சண்டை போட்டது. இளைஞர்கள் தனியாக வாடகைக்குப் போனால் வரிச் சலுகை தருவதைப் பற்றிப் பேசும்போது சொன்னது அது. வேலை நிலையில்லை, வாடகை கட்டுப்படியாகவில்லை, எங்களை ஏன் திட்டுகிறீர்கள் என்று இளைஞர்கள் கேட்டார்கள், அதிலும் நியாயம் இருந்தது. உங்கள் ஆளுக்கு நல்ல சம்பளம் இருக்கிறது. அதனால் பணம் அவரைக் கட்டிப்போடவில்லை என்பது தெளிவு.

வடபழனி சிக்னல்:

நான் இதே கதையில் விலகி வந்தவள். நிச்சயம் முடிந்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு. அவர்கள் வீட்டில் எங்களுக்கென்று ஏசி ரூம் தயார் செய்தார்கள், கட்டில், அலமாரி, திரைச்சீலை கலர் வரை அவன் அம்மா முடிவு. எனக்கு அது ஒரு விஷயமே இல்லை. ஒரு நாள் என் பீரியட்ஸ் தேதி அவன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, கல்யாணத் தேதி குறிக்க அவன் சொல்லியிருக்கிறான். என்னிடம் கேட்கவில்லை. ஏன் சொன்னாய் என்றேன், "அம்மாதானே" என்றான். அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

எல்லாம் தயாராகிவிட்டது, இனி எப்படி நிறுத்துவது என்று பயந்து சம்மதிக்காதீர்கள். நிறுத்தலாம். எங்கள் அப்பா மண்டப முன்பணத்தை இழந்தார், ஒரு வார்த்தை என்னைச் சொல்லவில்லை.

வழக்காடி மதுரை:

தனிக்குடித்தனம் பற்றிக் கேட்டதால் சட்டப் பக்கம் கொஞ்சம். 2016 அக்டோபரில், கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு விவாகரத்து வழக்கில், தன்னைச் சார்ந்திருக்கும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் மகனை அவர்களிடமிருந்து பிரிக்கத் தகுந்த காரணமின்றி மனைவி விடாமல் வற்புறுத்துவது கொடுமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை வைத்து, தனி வீடு கேட்டாலே விவாகரத்து என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். அப்படி இல்லை. அந்த வழக்கில் தற்கொலை மிரட்டல், நிரூபிக்கப்படாத தவறான உறவுக் குற்றச்சாட்டு எல்லாம் இருந்தன. தகுந்த காரணம் என்ற சொல்லும் முக்கியம். கல்யாணத்துக்கு முன்பே உட்கார்ந்து பேசி எங்கே வாழ்வது என்று முடிவெடுப்பது யாரையும் பிரிப்பதாகாது.

இன்னொன்று. பிள்ளைகள் பெற்றோரைப் பராமரிக்க வேண்டும் என்று 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறது. பராமரிக்காத பிள்ளை மேல் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். அதாவது அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் கடமை அவனுக்கு இருக்கிறது, அது இருக்கவும் வேண்டும். இப்போது அந்த வீட்டில் நடப்பது தலைகீழ், அறுபதை நெருங்கும் அம்மா 31 வயது மகனைப் பராமரிக்கிறார். அம்மாவைத் தனியாக விடச் சொல்கிறாயா என்று அடுத்த தடவை கேட்டால், அம்மாவை நீ எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று திருப்பிக் கேளுங்கள். அதற்கு அவரிடம் ஒரு திட்டம் இருந்தால் நல்லது.

கடலோரக்காற்று:

எல்லோருக்கும் நன்றி, ஒவ்வொன்றையும் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். நடுவில் ஒன்று நடந்தது, சொல்கிறேன். ஆன்ட்டி கும்பகோணத்தில் அவர் தங்கை மகளின் வளைகாப்புக்குப் போனார், ஒரு வாரம் போல இருந்துவிட்டு வந்தார். போகும் முன் இட்லி மாவு, புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, வத்தக்குழம்பு எல்லாம் செய்து ஃபிரிட்ஜில் அடுக்கி, ஒவ்வொரு டப்பா மேலும் கிழமை எழுதி ஒட்டியிருந்தார். பக்கத்து வீட்டு அக்காவிடம் காலையில் கதவைத் தட்டி எழுப்பச் சொல்லியிருந்தார்.

மூன்றாவது நாளே எனக்குப் போன், "சனிக்கிழமை வந்து சாதம் மட்டும் வைத்துத் தருகிறாயா, வெளியே சாப்பிட்டு வயிறு சரியில்லை" என்று. போனேன். நான் வைக்கவில்லை, பக்கத்தில் நின்றேன், அவன் வைத்தான். ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், மூன்று விசில். குழைந்துபோனது, ஆனாலும் சாப்பிட்டோம். அப்போது இரண்டு பையன்களின் அம்மா கேட்டதை நான் கேட்டேன், உங்க அம்மாவுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று. யோசித்தான், யோசித்துக்கொண்டே இருந்தான். "நான் மிச்சம் வைக்கிறதைத்தான் சாப்பிடுவாங்க" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் அவனால் பேச முடியவில்லை. நானும் பேசவில்லை.

அந்த இடத்தில்தான் முதல் தடவையாகக் "கல்யாணத்துக்கு அப்புறம்" என்ற பேச்சு வராமல் பேசினோம். நான் சொன்னது இவ்வளவுதான். நீ தனியாகக் கொஞ்ச காலம் இரு. என்னோடு வேண்டாம், அம்மாவோடும் வேண்டாம். உன் சாப்பாடு, துணி, வாடகை, கணக்கு எல்லாம் நீ பார். அம்மாவை வாரா வாரம் போய்ப் பார், நீ எதையாவது சமைத்து எடுத்துக்கொண்டு போ. அப்புறம் நிச்சயம் பற்றிப் பேசலாம்.

தாமிரபரணிக்கரை:

இது ஒரு ஆம்பளைக்குப் பரீட்சை வைப்பது மாதிரி இருக்கிறதே. நீங்கள் பாஸ் போடுவீர்களா? நாளைக்கு அவர் உங்களிடம் ஒரு பட்டியல் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? அந்த அம்மா தனியாகக் கொளத்தூரில் இருந்து ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பழி யார் மேல்?

மலைக்கோட்டைப் பக்கம்:

பெண்ணுக்கு வைக்கிற பரீட்சையை அந்த அம்மா ஏற்கெனவே சமையலறையில் வைத்துவிட்டார், டிகாஷனிலிருந்து ஆரம்பித்து. அதை யாரும் பரீட்சை என்று சொல்லவில்லை. தனியாக இருப்பதைப் பற்றி நீங்கள் சொல்வது மட்டும் சரி. பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார், அவரிடம் ஒரு சாவி இருக்கட்டும், அவன் தினமும் பேசட்டும். வயதானவர் என்றால் இது எப்படியும் வேண்டியதுதான்.

ஒரே பிள்ளை:

வேளச்சேரி, தரமணி பக்கம் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுக்கும் வீடாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிஜி வேண்டாம். பிஜியில் சாப்பாடு, பெருக்குவது, சில இடத்தில் துவைப்பது எல்லாம் வந்துவிடும், வீடு மாறியது மட்டும்தான் மிச்சம். இதை அழுத்திச் சொல்கிறேன், நிறையப் பேர் அங்கேதான் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஏடிஎம் கார்டைப் பிடுங்குவது போல வாங்க வேண்டாம். வகுப்பறை வாசல் எழுதியதுபோல அது அந்த அம்மாவுக்குப் பாதுகாப்பு. அவர் பெயரில் தனியாக ஒரு கணக்கு, அதில் மாதம் பிறந்ததும் தானாகப் போகும்படி ஒரு தொகை, அவர் பெயரில் மருத்துவக் காப்பீடு. இதையெல்லாம் முதலில் செய்துவிட்டு அப்புறம் கார்டைக் கேட்டால் அவருக்கு வேறு மாதிரி இருக்கும்.

கடலோரக்காற்று:

சில வாரமாக எழுதவில்லை, இப்போதுதான் சொல்வதற்கு ஏதோ இருக்கிறது. அவன் அம்மாவிடம் பேசினான். நான் கூட இல்லை, வருகிறேன் என்றும் சொல்லவில்லை. ரொம்ப அழுதிருக்கிறார். அந்தப் பெண் சொல்லித்தானே என்று கேட்டிருக்கிறார். "அவள் கேட்டாள், ஆனால் எனக்கே இது வேணும்மா, உனக்கு என்ன பிடிக்கும்னுகூட எனக்குத் தெரியலை" என்று சொன்னானாம். சில நாள் அவனோடு சரியாகப் பேசவில்லை, டிபன் பாக்ஸ் மட்டும் தினமும் வாசலில் இருந்திருக்கிறது. அப்புறம் ஒரு நாள் அவரே, "மாசம் எவ்வளவு வாடகை கேட்கிறாங்க" என்று ஆரம்பித்திருக்கிறார்.

அவர் பெயரில் கணக்கு தொடங்கியாயிற்று, காப்பீட்டுக்கு விசாரிக்கிறான். நிச்சயத்தை ஆவணிக்குத் தள்ளிவிட்டோம். எங்கள் வீட்டில் அம்மாவுக்குத்தான் பெரிய வருத்தம், பேச்சு வார்த்தை முடிந்த இடத்தில் பெண்ணே நிறுத்தினாள் என்று ஊரில் சொல்வார்களாம். சொல்லட்டும். ஆவணியில் என்ன ஆகும் என்று எனக்கு இப்போது தெரியாது. ஆன்ட்டி என்னிடம் முன்போல் பேசுவதில்லை, அது உறுத்துகிறது. போன் செய்தால் எடுக்கிறார், "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், சமையலறைப் பாடத்துக்கு இல்லை, சும்மா அவரைப் பார்க்க.

வழக்காடி மதுரைக்கு ஒரு கேள்வி. வேளச்சேரியில் அவன் ஆபீஸ் நண்பர் ஒருவரோடு ஒரு வீடு பார்த்திருக்கிறான், ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறாராம். சட்டப்படி எவ்வளவு வாங்கலாம்?

வழக்காடி மதுரை:

2017-ம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ள இடம் வைத்திருப்பதால், பத்து மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் கஷ்டம். மூன்றிலிருந்து பேச ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் அதிலேயே எழுதிக்கொள்ளட்டும்.

இரண்டு பையன்களின் அம்மா:

மகளே, அட்வான்ஸ் எவ்வளவு என்று நீ ஏன் விசாரிக்கிறாய்?

கடலோரக்காற்று:

இதைப் படித்ததும் அவனுக்குப் போன் செய்து, ஓனரிடமும் வக்கீலிடமும் நீயே பேசிக்கொள் என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு ஆபீஸ் முடிந்து போகிறானாம்.